பதிவேட்டில் எழுத முடியாத உதவி

கேள்வி: பெங்களூரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி பக்கம். இங்கே தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். அதனால் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என் சொந்த எண்ணுக்கே அழைக்கின்றன. மறதி நோயுள்ள ஒரு பாட்டி என்னைத் தன் மகள் என்றே நினைக்கிறார். உண்மையான மகள் அமெரிக்காவிலிருந்து இரவு பதினொரு மணிக்கு அழைத்து அழுகிறார். உள்ளூரில் இருக்கும் மகன் வரும்போதெல்லாம் கையில் பணம் திணிக்கிறார். மேலாளரோ "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி விடுமுறை நாளிலும் கூப்பிடுகிறார். மறுத்தால் ஈரமில்லாதவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயம். எங்கே நிறுத்திக்கொள்வது?

பதில்:

பெயர் வரத்தான் செய்யும். கொஞ்ச நாள் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், "முன்பெல்லாம் நீ இப்படி இல்லையே" என்பார். அது தானாக அடங்கிவிடும். இந்த ஊரில் மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் சமூகப்பணியாளராகவும், பிறகு மேற்பார்வையாளராகவும் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நோயாளியிடம் எரிந்து விழுந்தவர்கள் என்று நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்தில் எதற்கும் மறுக்காதவர்களாகவே இருந்தார்கள். அளவாகக் கொடுத்தவர்கள்தான் பத்தாவது வருடத்திலும் பாட்டிகளின் தலையை வாரிக்கொண்டு சிரித்தபடி இருந்தார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான். உங்கள் இல்லத்தில் டியூட்டி மாறும்போது எழுதும் பதிவேடு இருக்கும். "காலை 7.30, இட்லி இரண்டு, அரை டம்ளர் காபி. பி.பி. மாத்திரை கொடுத்தாயிற்று. இடது குதிகாலில் சிவப்பு, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மாலை மகளைக் கேட்டு அழுதார், மாடிக்குக் கூட்டிப்போனதும் அமைதி." இப்படித்தானே எழுதுவீர்கள்? நீங்கள் செய்கிற எந்த உதவியையும் அதில் ஒரு வரியாக எழுத முடியுமா என்று பாருங்கள். அடுத்த டியூட்டிக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுத் தானும் அதையே செய்ய முடியுமா என்றும் பாருங்கள். முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், எவ்வளவு பாசத்தோடு வேண்டுமானாலும். "மகன் ஐநூறு ரூபாய் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்" என்று எழுதக் கை கூசினால், அல்லது "இதை என்னைத் தவிர யாராலும் செய்ய முடியாது" என்ற நிலை வந்துவிட்டால், எங்கோ கோடு தாண்டியிருக்கிறீர்கள்.

பாட்டி, அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட வேண்டும் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்பது வயதுக்காரரை "திருமதி இன்னார்" என்று கூப்பிட்டுக்கொண்டே டயபர் மாற்றுவது நம் ஊரில் நடக்கிற காரியமா? பாட்டி என்றே கூப்பிடுங்கள். உறவு சொல்லிக் கூப்பிடுவதில் கேடு இல்லை. அந்த உறவின் பேரில் வந்து சேரும் கணக்குகளில்தான் கவனம் வேண்டும்.

முதலில் தொலைபேசி. சொந்த எண்ணைக் கொடுத்தாயிற்று, இனி பிடுங்க முடியாது. ஆனால் நேற்று வரை எடுத்துவிட்டு இன்று திடீரென்று எடுக்காமல் விடாதீர்கள், அது பதற்றத்தைத்தான் கூட்டும். பகலில், டியூட்டியில் இருக்கும்போதே, நீங்களாக அழைத்துச் சொல்லுங்கள்: "அக்கா, பாட்டி இன்று நன்றாகச் சாப்பிட்டார்கள். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து இரவு எட்டுக்கு மேல் இல்லத்தின் எண்ணுக்குப் பேசுங்கள். அந்த நேரத்தில் நான் அறைக்கு வந்துவிடுவேன். பாட்டி எப்படி இருக்கிறார் என்று எனக்கே தெரியாது." இதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, சொன்னது அத்தனையும் உண்மை. மடிவாளாவில் பி.ஜி. (வாடகைக்குத் தங்கும் விடுதி) அறையில் படுத்துக்கொண்டு "பாட்டி தூங்கிவிட்டார்" என்று நீங்கள் சொல்வது ஆறுதலுக்குச் சொல்லும் பொய். அந்த நேரத்தில் அவர் கட்டிலிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு நம் இரவு பதினொன்று பகல் நேரம். அவருக்கு அப்போதுதான் சற்று ஓய்வு, அப்போதுதான் அம்மா ஞாபகம் வருகிறது. அந்த அழுகை நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்பதற்கு உங்களை விட்டால் ஆளில்லை என்பது இல்லத்தின் ஏற்பாட்டில் உள்ள ஓட்டை. வாரம் ஒரு முறை, இரண்டு நாடுகளுக்கும் தோதான ஒரு நேரத்தில், செவிலியரோ சமூகப்பணியாளரோ பேசும் காணொளி அழைப்பு ஒன்றை நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். நீங்கள் பாட்டியை முகம் கழுவி, பொட்டு வைத்து, கேமரா முன் உட்கார வைக்கும் வேலையைச் செய்யுங்கள். தாயைப் பிரிந்த குற்ற உணர்வை ஆற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி, நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டது: தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான் என்பது. பெங்களூரில் பராமரிப்பு வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இது தனிச் சுமை. ஓசூர் சாலை வழியாக தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் வந்து இறங்குபவர்கள் எத்தனையோ பேர். கையில் கோப்பும் கட்டுச்சோறுமாக நிற்கும் அவர்களுக்குத் தமிழ் பேசும் ஒரு முகம் தென்பட்டால் போதும், அது துப்புரவுத் தொழிலாளியாக இருந்தாலும் சரி, பிடித்துக்கொள்வார்கள். உங்கள் இல்லத்திலும் அதே கதைதான். டாக்டர் வந்து ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொல்லிவிட்டுப் போவார். அவர் படி இறங்கும் முன்பே மகன் உங்கள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, மூக்கு வழியாகக் குழாய் போடலாமா வேண்டாமா?" என்பார்.

இங்கே மிகவும் உஷாராக இருங்கள். டாக்டர் சொன்னதை டாக்டர் இருக்கும்போதே தமிழில் சொல்வது ஓர் உதவி. அவர் போன பிறகு விளக்கம் சொல்வது வேறு. முடிவு எடுத்துக்கொடுப்பது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, நாளைக்கு அந்தக் குழாயால் சிக்கல் வந்தால், "தமிழ்ப் பெண் சொன்னாள், அதனால்தான் போட்டோம்" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்கு நினைவில் நிற்பது உங்கள் குரல்தான். ஆகவே, "அண்ணா, நான் சொன்னால் அது என் அபிப்பிராயமாகப் போய்விடும். டாக்டரை இன்னொரு முறை வரச் சொல்கிறேன். உங்கள் கேள்விகளைச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதி வைக்கிறேன்" என்று சொல்லுங்கள். தாளில் எழுதிக் கொடுப்பது உண்மையான உதவி. டாக்டரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவர்கள் நம்மில் அதிகம்.

நிர்வாகத்திடம் இரண்டு விஷயங்கள் கேளுங்கள். ஒன்று, மொழிபெயர்த்துச் சொல்லும் நேரத்தை உங்கள் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் நோயாளிகளை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, உங்கள் சகாக்களுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுக்க வாரத்தில் அரை மணி நேரம். ஒடிசாவிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த பெண்கள் கன்னடமே கற்றுக்கொண்டுவிட்டார்களே! வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா, மெதுவாக, பயப்படாதீர்கள், இதோ இருக்கிறேன் என்று இருபது வார்த்தை போதும். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழி மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. அறுபது வருடம் அல்சூரில் இருந்து சரளமாகக் கன்னடம் பேசிய பாட்டிக்கு இன்று தமிழ் மட்டும் எட்டுகிறது என்றால், அந்தத் தமிழ் உங்கள் ஒருவர் வாயில் மட்டும் இருப்பது அவருக்கே ஆபத்து. உங்களுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தால் அவர் யாரிடம் தண்ணீர் கேட்பார்?

அந்தப் பாட்டியைப் பற்றி. "நான் உங்கள் மகள் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் திருத்தாதீர்கள். அவருக்கு அது புதிதாக விழும் அடி, நாளைக்கு மறந்துபோய் மறுபடி விழும். "ஆமாம், நான்தான்" என்று வேடம் கட்டவும் வேண்டாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்படியென்றால் என்னை ஏன் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை?" அதற்கு உங்களிடம் பதில் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. "மகள் நினைவு வந்துவிட்டதா பாட்டி? சின்ன வயதில் ரொம்பச் சேட்டையோ?" என்று கேளுங்கள். அவர் பேசுவார், நீங்கள் கேளுங்கள். யார் மகள் என்ற வழக்கு தானாக ஒதுங்கிவிடும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் மறதி நோயுள்ளவர்களுக்குக் குழப்பமும் படபடப்பும் கூடுவது வழக்கம். உங்கள் டியூட்டி முடிவதும் அந்த நேரம்தான் என்றால் பாட்டி உங்கள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார். ஒரு சின்ன நுணுக்கம்: பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து விடைபெறாதீர்கள். போகிறவரின் அடையாளங்கள் அவை, மறதி நோயிலும் அவை மட்டும் பளிச்சென்று புரியும். பையை அலுவலக அறையில் வையுங்கள். அடுத்து வருபவரை முன்கூட்டியே அழைத்து, பாட்டியின் காபி டம்ளரை அவர் கையில் கொடுத்து, மூன்று பேரும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பிறகு எழுந்து போங்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

பணம். இதில் எனக்கு ஈவு இரக்கம் கிடையாது. ரொக்கம் வாங்கவே கூடாது. நூறானாலும் ஆயிரமானாலும் ஒன்றுதான். இனிப்புப் பெட்டி வந்தால் பொது மேசையில் வைத்துப் பிரித்துச் சாப்பிடுங்கள். பொங்கலுக்குப் புடவை எடுத்துக்கொடுக்க ஆசைப்பட்டால் எல்லோருக்குமாக அலுவலகம் வழியாகக் கொடுக்கட்டும். பாட்டியின் ஏ.டி.எம். அட்டை, ரகசிய எண், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எதையும் தொடாதீர்கள்; "நீயே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடு, உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்" என்றால் கும்பிடு போட்டு விலகுங்கள். நாளைக்கு ஒரு வளையல் காணாமல் போனால் முதலில் யாரை நினைப்பார்கள்? முந்தின மாதம் பணம் வாங்கிய பெண்ணைத்தான். பணம் கொடுத்த அதே மகன்தான் நினைப்பார். அதோடு, பணம் கொடுக்காத குடும்பத்துப் பாட்டிக்குப் போர்வை மாற்ற அரை மணி தாமதமானாலும் காரணம் கற்பிக்கப்படும்.

"சம்பளம் பத்தவில்லையே, ஐநூறு ரூபாய் எனக்குப் பெரிய தொகை" என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்தச் சில்லறை வருவதைச் சில நிர்வாகங்கள் கண்டும் காணாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. குடும்பங்கள் கொடுக்கிற வரை இவர்கள் சம்பளத்தை உயர்த்த வேண்டியதில்லை.

மேலாளரின் "ஒரே குடும்பம்" பேச்சுக்கு வருகிறேன். ஆள் பற்றாக்குறை என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்பார்கள். பஸ்ஸில் இடம் கேட்கும்போது அது இந்த ஊரின் இனிமை, பணி அட்டவணையில் அது சுரண்டல். எதிர்பாராமல் ஒருவர் மயங்கி விழுந்த நாளில் கூப்பிட்டால் போங்கள். மாதத்தில் எல்லா ஞாயிறும் அவசரம் என்றால் அங்கே நடப்பது ஆள் எடுக்காமல் மிச்சம் பிடிப்பது. வாயால் சண்டை போடாதீர்கள். "இந்த ஞாயிறு என் விடுமுறை, வர இயலாது. அவசியம் என்றால் ஈடாக எந்த நாள் விடுப்பு என்று தெரிவிக்கவும்" என்று எழுதி அனுப்புங்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவே பாதி அழைப்புகளைக் குறைத்துவிடும். நியமனக் கடிதத்தில் வேலை நேரமும் வார விடுமுறையும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். கடிதமே தரவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெண்கள் பலர் கேட்கத் தயங்குவது. குளிப்பாட்டும்போது, தூக்கி உட்கார வைக்கும்போது சில ஆண் நோயாளிகளின் கை தவறான இடத்துக்குப் போகும். மூளை பாதிப்பால் கட்டுப்பாடு தளர்ந்ததாக இருக்கலாம். அப்போதும் பொறுத்துக்கொள்வது உங்கள் கடமை அல்ல. பதிவேட்டில் எழுதி, இருவராகச் செல்வது, ஆண் உதவியாளரை அனுப்புவது என்று வேலை முறையை மாற்றச் சொல்லுங்கள். பார்க்க வரும் உறவினரோ உடன் வேலை செய்பவரோ அப்படி நடந்தால் அது நோய் இல்லை, குற்றம். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வீடுகளுக்குப் போய் வேலை பார்க்கும் ஹோம் நர்ஸ்களுக்கும் இது பொருந்தும்; அந்தச் சட்டத்தில் வீடும் பணியிடமே.

இதையெல்லாம் அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் இரவு பகலாக உழைத்த தன்னார்வலர்கள் கருகிப்போவதை, ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்பதைப் பார்த்து ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் எழுதினார். பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: முற்றிலும் வற்றிப்போன அயர்ச்சி, மனிதர்களை ஜடமாகப் பார்க்கும் மரத்துப்போன தன்மை, தான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. நிர்வாகம் சரிசெய்யாத வேலைச் சுமையை, யோகா வகுப்புக்கு அனுப்பித் தீர்க்க முடியாது என்பதே இதன் பொருள். மூன்றில் இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம்: நீங்கள் பாட்டி என்று கூப்பிட்டவரை "ஆறாம் நம்பர் கட்டில்" என்று சொல்லத் தொடங்கும் நாளைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டு, வேலைக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். அரசு சேவை, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

சொந்த வாழ்க்கையில் ஒன்றிரண்டு. தருமபுரியில் உங்களை எல்லோரும் நர்ஸ் என்றே நினைப்பார்கள். ஊருக்குப் போகும் இரண்டு நாளில் தெருவே வந்து மாத்திரை அட்டையை நீட்டும். அங்கேயும் "டாக்டரிடம் காட்டுங்கள்" என்பதே பதில். பி.ஜி. அறைத் தோழிகளிடம் மனபாரத்தை இறக்கி வைப்பதில் தப்பில்லை, ஆனால் பெயர், குடும்பம், சொத்துத் தகராறு எதுவும் வாயில் வரக் கூடாது. பாட்டியோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் ஒப்புதலின்றி ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. உங்கள் இல்லம் அதன்கீழ் வருகிறதோ இல்லையோ, வாய் ஒழுக உட்கார்ந்திருக்கும் தன் படம் நூறு பேர் கைபேசியில் ஓடுவதை அந்தப் பாட்டி நல்ல நினைவோடு இருந்தால் சம்மதிப்பாரா?

எல்லை என்ற பெயரில் ஒளிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். டியூட்டி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நனைந்த படுக்கையைப் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்பவர்கள். அது சோம்பல், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சில நாள் அரை மணி கூடுதலாக உட்காரத்தான் வேண்டியிருக்கும். கடைசி மூச்சு வாங்குபவரின் கையை விட்டுவிட்டு எட்டு மணி ஆயிற்று என்று எழுந்திருக்க முடியாது. அப்படி இருக்கும்போது செவிலியரிடம் சொல்லிவிட்டு இருங்கள், எழுதிவிட்டுப் போங்கள்.

இத்தனையும் கேட்டுப் பார்த்தும் நிர்வாகம் அசையவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். பயிற்சியுள்ள, தமிழும் கன்னடமும் தெரிந்த உதவியாளருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. போகும்போது குடும்பங்களுக்கு இல்லத்தின் மூலமாகவே தெரியட்டும். "வாராவாரம் வந்து பார்ப்பேன்" என்று பாட்டிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்காது, எந்தப் பேச்சை எடுத்தால் சமாதானம் ஆவார், காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.